ஸ்விட்சைப் போட்டால் என்ன ஆகிறது? பழைய கம்ப்யூட்டருக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய கம்ப்யூட்டர் எங்கே கிடைக்கும் என்பது தேடுகிறவர்களுக்குத் தெரியும். கிரானைட் பட்டறை எடைமேடை, மாங்கூழ் ஆலை ஆபீஸ், மூடிவிட்ட டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், பஸ் ஸ்டாண்டு ஓரத்து டிடிபி சென்டர், ஓசூரில் டாஸ் வைத்தே வண்டி ஓட்டிக்கொண்டிருந்த லேத் பட்டறை. இவை எதிலும் சிக்காதது கடைசியில் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். கிடைத்த பிறகுதான் வேலையே. இங்கே சொல்வது எக்ஸ்டி, ஏடி என்ற பழைய ஐபிஎம் வகைகள் முதல் 486, ஆரம்பகாலப் பென்டியம் வரையிலான மெஷின்களுக்கு. உங்கள் மெஷின் காட்டும் அறிகுறியைத் தேடிப் போய்ப் படிக்கலாம். ஆனால் முதல் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஸ்விட்ச் போடுவதற்கு முன்

"ஓடுதான்னு ஒரு தடவை போட்டுப் பாத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் மெஷின்தான் பெரும்பாலும் அதிகச் செலவு வைக்கும். இருபது வருஷம் சும்மா கிடந்ததை எடுத்த எடுப்பில் 230 வோல்ட்டில் செருகக் கூடாது.

மூடியைக் கழற்றுங்கள். எடைமேடையிலிருந்து வந்ததென்றால் உள்ளே சாம்பல் நிறத்தில் கல்தூள் படிந்திருக்கும். காய்ந்த கல்தூளால் பெரிய கெடுதல் இல்லை. ஈரம் சேர்ந்து இறுகியிருந்தால்தான் ஸ்லாட்டுகளிலும் சாக்கெட்டுகளிலும் தொடர்பு கெடும். பெயின்ட் பிரஷ்ஷும் புளோயரும் போதும். புளோயர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பல்லி எச்சம், பல்லி முட்டை, எலி கடித்த ஒயர், கரப்பான் எல்லாவற்றையும் எதிர்பாருங்கள். பிளாப்பி டிரைவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும். வெளியிலிருந்து குச்சியை விட்டுக் குத்தினால் மண் உதிர்ந்து பிளாப்பியைப் படிக்கும் ஹெட்டின் மேலேயே விழும். டிரைவைக் கழற்றி, கவிழ்த்துப் பிடித்து, கூட்டின் ஓரத்தை மரக்குச்சியால் நெம்பினால் முழுதாகப் பெயர்ந்து வரும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் (உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் தகரப் பெட்டி) முதுகில் சிவப்பு நிற ஸ்விட்ச் ஒன்று இருக்கும், 115 என்றும் 230 என்றும். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷினில் அது 115-இல் இருக்கலாம். அப்படியே செருகினால் உள்ளே 325 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 650 வரும்; மின்தேக்கிகள் வெடிக்கும். ஸ்விட்ச் சரியாக இருந்தாலும் முதல் தடவை நேராகக் கொடுக்காமல், டிவி மெக்கானிக் கடையில் இருப்பது போன்ற சீரிஸ் பல்பு வழியாகக் கொடுங்கள். 100 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்இடி பல்பு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள்.

இன்னொன்று, தண்ணீர். போர்டைக் கழுவ வேண்டி வந்தால் போர் தண்ணீரைத் தொடவே தொடாதீர்கள். நம் இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த உப்பெல்லாம் காய்ந்தால் சிப் கால்களுக்கு நடுவே வெள்ளையாகப் படியும், பிறகு ஈரக்காற்றில் கசிவு கொடுக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன் எந்த பேட்டரிக் கடையிலும் கிடைக்கும். அதுவும், கடைசியாக ஒரு தடவை துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் போதும்.

ஸ்விட்ச் போட்டால் ஒன்றுமே இல்லை

விசிறியும் இல்லை, விளக்கும் இல்லை. முதலில் பவர் கார்டை மாற்றுங்கள். பிறகு முன்பக்க ஸ்விட்ச்: ஏடி வகை கேஸில் 230 வோல்ட் அந்த ஸ்விட்ச் வரை நேராக வருகிறது. அதன் பின்னால் இருக்கும் ரப்பர் உறை சுருங்கி விலகியிருந்தால் கை வைக்கும்போது அடிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

அடுத்து எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபியூஸ். அது வெறுமனே உருகியிருந்தால் ஒரு கதை. கண்ணாடி உள்ளுக்குள் கறுத்து வெள்ளி பூசியது போல் ஆகியிருந்தால் வேறு கதை. கறுத்தது என்றால் பிரிட்ஜ் டயோடோ ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரோ ஷார்ட் ஆகிவிட்டது. புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும். ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

உள்ளே கை வைப்பதற்கு முன் பெரிய மின்தேக்கிகள் இரண்டிலும் வோல்ட் அளந்து பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மிச்சம் நிற்கும். 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் காப்பிட்ட ஒயர் சேர்த்து வைத்துக்கொண்டால் அதை வைத்தே இறக்கிவிடலாம். ஸ்குரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவது சாகசம், அவ்வளவுதான்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே சோதிக்கிறீர்களா? பழையவற்றில் பல, சுமை இல்லாமல் கிளம்பாது. சில கெட்டும் போகும். 5 வோல்ட் கோட்டில் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பை மாட்டுங்கள். சுமாராக ஒரு ஆம்பியர் இழுக்கும், அது போதும்.

விசிறி ஒரு துடி துடித்து நின்றுவிடுகிறது

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது. ஏனென்றால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. எங்கோ ஷார்ட் இருப்பதைப் பார்த்துத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது.

டிரைவ்களின் பவர் ஒயரைப் பிடுங்குங்கள். கார்டுகளை எல்லாம் எடுங்கள். வெறும் போர்டோடு கிளம்பினால், ஒவ்வொரு தடவையும் அணைத்துவிட்டு, ஒவ்வொரு கார்டாகச் செருகிப் பாருங்கள். எந்தக் கார்டில் மறுபடி நிற்கிறதோ அதுதான். வெறும் போர்டுக்கே கிளம்பவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். பவர் கனெக்டர் இரண்டையும் கழற்றிவிட்டு, போர்டு பக்கத்தில் மஞ்சள் ஒயர் வரும் காலுக்கும் கறுப்பு வரும் காலுக்கும் இடையே ஓம் பாருங்கள். ஒன்றிரண்டு ஓம் காட்டினால் 12 வோல்ட் கோட்டில் டான்டலம் மின்தேக்கி ஷார்ட்.

எக்ஸ்டி, 286 போர்டுகளில் மஞ்சளோ ஆரஞ்சோ நீலமோ, மழைத்துளி வடிவத்தில் நிற்பவை இவைதான். 12 வோல்ட் கோட்டில் 16 வோல்ட் தாங்குவதைப் போட்டிருப்பார்கள். வயதான பின் அந்த இடைவெளி போதவில்லை. மாற்றும்போது 25 வோல்ட் போடுங்கள். திசையில் கவனம். சாதாரண எலக்ட்ரோலிடிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ்; டான்டலத்தில் கோடோ கூட்டல் குறியோ இருக்கும் பக்கம் பிளஸ். திருப்பிப் போட்டால் தீப்பொறியோடு எரியும். முகத்தை அருகே வைத்துக்கொண்டு முதல் ஸ்விட்ச் போடாதீர்கள்.

கனெக்டரை மறுபடி மாட்டும்போது இரண்டு கனெக்டரின் கறுப்பு ஒயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு போய்விடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது "டப்" என்று சத்தம், வெள்ளைப் புகை, மீன் கருகின நாற்றம்

பயப்பட வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸின் மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும் காகித மின்தேக்கி அது. மஞ்சள் நிறத்தில், கண்ணாடி போல உள்ளே தெரியும் உறையோடு இருக்கும். வருஷக்கணக்கில் உறையில் முடி போல வெடிப்பு விட்டு, ஈரம் உள்ளே போய், மின்சாரம் பட்டதும் வெடிக்கும். அது இல்லாமலேகூட மெஷின் ஓடும், ஏனென்றால் அதன் வேலை மின்சாரக் கோட்டுக்குள் இரைச்சல் போகாமல் தடுப்பது மட்டுமே. ஆனால் அதே மதிப்பில் எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி தாங்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் மின்தேக்கியைப் போட்டுவிடுங்கள். வெடிப்பு விட்டதைப் பார்த்தால் வெடிக்கும் வரை காத்திருக்காமல் அப்போதே மாற்றலாம். மேஜையெல்லாம் பிசின் படிவதாவது மிச்சம்.

கேஸைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது

கெட்டுப்போன அறிகுறி என்று நினைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் குற்றம் வீட்டு எர்த். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கி மாட்டினால், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கேஸோடு சேர்ந்திருக்கும் இரண்டு சிறு மின்தேக்கிகள் கேஸை ஏறத்தாழ பாதி வோல்ட்டேஜில், 115-இல் நிறுத்தும். மின்னோட்டம் மிகக் கொஞ்சம், அதனால் சுள்ளென்பதோடு போகும். ஆனால் அந்த நிலையில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையோ இன்னொரு கம்ப்யூட்டரையோ கேபிளில் இணைத்தால் போர்ட் சிப் போய்விடும். எர்த் கம்பி இருக்கும் பிளக் பாயின்ட்டில் மாட்டுங்கள். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்றும் பாருங்கள்.

விசிறி ஓடுகிறது, திரை இருட்டு, பீப்பும் இல்லை

ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. சிரிக்காதீர்கள், ஸ்பீக்கர் இல்லாத மெஷினில் பீப் எங்கிருந்து வரும்?

பிறகு வோல்ட் அளவுகள். 5 வோல்ட் கோடு 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும்; 12 வோல்ட் கோடு 11.4 முதல் 12.6 வரை. அடுத்து, பலரும் மறக்கும் ஆரஞ்சு ஒயர். எஸ்எம்பிஎஸ் தன் வோல்ட் நிலைத்துவிட்டது என்று போர்டுக்குச் சொல்லும் சிக்னல் அது. அதில் 5 வோல்ட் வராவிட்டால் எல்லா வோல்ட்டும் சரியாக இருந்தாலும் பிராசஸர் ரீசெட்டிலேயே நிற்கும். போர்வெல் மோட்டார் போடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தானாக ரீபூட் ஆகிறது என்றால் அதற்கும் இதே கோடுதான் காரணம். லோ வோல்ட்டேஜில் அந்தச் சிக்னல் ஒரு கணம் விழுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதற்கு முன் ஸ்டெபிலைசர் வைத்துப் பாருங்கள்.

வோல்ட் சரி என்றால், சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் சிப்களை எல்லாம் கட்டை விரலால் அழுத்துங்கள். பகலில் சூடாகி இரவில் குளிர்ந்து, பல வருஷத்தில் சிப்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பிவிடும். சித்திரை வெயிலில் தகரக் கூரை எடைமேடை அறையில் இருந்த மெஷினுக்கு இது நிச்சயம். "கிளிக்" என்று ஒரு சத்தம் கேட்டால் பாதி வெற்றி. கார்டுகளின் தங்க விளிம்பைப் பென்சில் ரப்பரால் துடைத்து ஆல்கஹாலால் ஒற்றி எடுங்கள். இங்க் அழிக்கும் ரப்பர் வேண்டாம், அது தங்கப் பூச்சைச் சுரண்டும்.

கம்ப்யூட்டரைக் கிளப்பும் நிரல் இருக்கும் பயோஸ் சிப்பின் மேல் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்து, அதன் ஸ்டிக்கர் உதிர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த வகைச் சிப் புற ஊதா ஒளியில் அழியும். நேர் வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரம் வைத்தால் காலியாகிவிடும் என்று அதன் தயாரிப்புத் தாள்களே சொல்லும். போர்டைக் கழுவி மொட்டை மாடியில் காய வைப்பவர்கள் முதலில் அந்த ஜன்னலை ஒட்டுங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் போஸ்ட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லாட்டில் செருகினால் இரண்டு இலக்கம் காட்டும் சின்னக் கார்டு. இணையத்திலேயே வரும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் தேடினால் கிடைக்கும். எக்ஸ்டி போர்டுகளில் பலவும் அதற்கு எதையும் எழுதுவதில்லை என்பதால், அங்கே அது வெறுமையாக நின்றால் போர்டு செத்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

பீப் வருகிறது, படம் இல்லை

ஆமி கம்பெனி பயோஸில் எண்ணுங்கள்: மூன்று பீப் என்றால் முதல் 64 கிலோபைட் நினைவகம், ஆறு என்றால் கீபோர்டு கன்ட்ரோலர், எட்டு என்றால் வீடியோ நினைவகம். அவார்டு பயோஸில் ஒரு நீளமும் இரண்டு குட்டையும் என்றால் வீடியோ கார்டு. முதலில் வீடியோ கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். ரேம் என்றால், சிம் எனப்படும் 30 கால் ரேம் குச்சிகள் 386எஸ்எக்ஸுக்கு இரண்டு இரண்டாகவும் 386டிஎக்ஸ், 486-க்கு நான்கு நான்காகவும் மட்டுமே வேலை செய்யும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு குச்சியைக் கழற்றிச் சோதிப்பது இங்கே நடக்காது. தனித்தனி ரேம் சிப் உள்ள எக்ஸ்டியில் ஸ்விட்ச் போட்ட ஒரு நிமிஷத்தில் விரலால் தடவிப் பாருங்கள். மற்றவற்றை விட ஒன்று சுடுகிறதென்றால் ஆள் சிக்கிவிட்டான்.

திரையில் எண் மட்டும் காட்டி நிற்கிறது

ஐபிஎம் வழி வந்தவற்றில் 161 என்றால் பேட்டரி, 201 என்றால் ரேம், 301 கீபோர்டு, 601 பிளாப்பி, 1701 ஹார்டு டிஸ்க். 301 வந்தால் கீபோர்டைக் கவிழ்த்துப் பாருங்கள். எக்ஸ்டிக்கும் ஏடிக்கும் ஐந்து கால் உருண்டைப் பிளக் ஒன்றேதான், ஆனால் பேசும் முறை வேறு. அடியில் எக்ஸ், ஏ என்று எழுதிய குட்டி ஸ்விட்ச் தவறான பக்கம் இருக்கும். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடியும்.

கீபோர்டு இல்லை, தேதி நிற்கவில்லை, பேட்டரி பக்கம் பச்சை

286 முதல் 486 வரை, கீபோர்டு பிளக்குக்குப் பக்கத்தில் நீலமாகவோ பச்சையாகவோ ஒரு உருளை இருக்கும். 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. இந்தக் காலப் போர்டுகளை அதிகம் கொன்றது இதுதான். கசிந்தால் பக்கத்திலிருக்கும் கீபோர்டு கன்ட்ரோலரையும் அதற்குப் போகும் தடங்களையும் தின்னும். கசியவில்லையென்றாலும் இன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள்.

கார் பேட்டரி கசிந்தால் ஆப்ப சோடா போடுவது எல்லாருக்கும் தெரியும். அதே நினைப்பில் இங்கேயும் சோடா போடுகிறார்கள், அது தப்பு. கார் பேட்டரியில் இருப்பது அமிலம். இதில் வழிவது காரம். காரத்துக்கு மளிகைக் கடை வெள்ளை வினிகர். பழைய டூத் பிரஷ்ஷால் தொட்டுத் தேய்த்தால் லேசாக நுரைக்கும். நுரை நின்றதும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு மூன்று தடவை கழுவி, ஆல்கஹால் ஊற்றி, விசிறிக் காற்றில் காய விடுங்கள். ஸ்லாட்டின் அடியில் வினிகர் தங்கினால் அதுவே அரிக்கத் தொடங்கும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும், ஆனால் பிசுக்கு விடும்.

இனி நிதானமான வேலை. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். நல்ல தடத்தின் மேல் பச்சைப் பூச்சு வழவழப்பாக இருக்கும். கெட்ட தடத்தில் பூச்சுக்கு அடியில் கறுத்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். நுண்ணிய எமரித் தாளால் செம்பு தெரியும் வரை மெதுவாகச் சுரண்டி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பாருங்கள். அறுந்திருந்தால் மெல்லிய ஒயர் இழுக்க வேண்டும். ஃபேன் காயில் கட்டும் எனாமல் கம்பிதான் சிறந்தது. மோட்டார் காயில் கட்டும் கடை நம் ஊரில் தெருவுக்கு ஒன்று. ஒரு முழம் கேட்டால் காசுகூட வாங்க மாட்டார்கள். முனையில் எனாமலை எமரித் தாளால் சுரண்டி உரித்துக்கொள்ளலாம். கறுத்துப்போன பழைய சால்டர் உருகாமல் அடம் பிடித்தால் ஃப்ளக்ஸ் தடவிப் புதுச் சால்டர் கொஞ்சம் சேருங்கள், பிறகு இரண்டையும் சேர்த்து உறிஞ்சி எடுங்கள்.

புதுப் பேட்டரிக்கு, நான்கு கால் வெளி பேட்டரி இணைப்பு போர்டில் இருந்தால் மூன்று பென்டார்ச் செல் டப்பாவை ஒயர் விட்டுக் கேஸின் ஓரத்தில் ஒட்டுங்கள். கசிந்தாலும் போர்டின் மேல் கசியாது. சிஆர்2032 பட்டன் செல்லை உருளை இருந்த இடத்திலேயே போடுகிறவர்கள் டயோடு ஒன்றைத் தொடரில் வைக்க வேண்டும். அந்த இடத்தில் சார்ஜ் கரன்ட் வரும், லித்தியம் செல் அதைத் தாங்காது.

பிளாப்பி

விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிள் தலைகீழ். வேறு பிளாப்பி போட்டாலும் முதலில் போட்டதன் கோப்புப் பட்டியலையே காட்டினால் 34-ஆம் கால்: பிளாப்பி மாறியதை டிரைவ் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கோடு அது. அந்த நிலையில் எதையும் எழுதாதீர்கள். பழைய பட்டியலை நம்பிப் புது பிளாப்பியின் மேல் எழுதிக் குழப்பிவிடும். கேபிளை மாற்றுங்கள், இல்லையேல் டிரைவின் ஜம்பரைப் பாருங்கள்.

1.2 மெகாபைட் டிரைவில் எழுதிய 360 கிலோபைட் பிளாப்பியை 360 டிரைவ் படிக்கவில்லை என்றால் யாருக்கும் கோளாறு இல்லை. 1.2 டிரைவின் ஹெட் பாதி அகலத்தில் எழுதுகிறது. மீதி அகலத்தில் இருக்கும் பழைய தகவலையும் சேர்த்துப் படித்து 360 டிரைவ் திணறுகிறது.

ஐந்தேகால் அங்குல பிளாப்பியின் ஜன்னலில் வெள்ளை வட்டம் வட்டமாகத் தெரிந்தால் பூஞ்சை. டிரைவில் போட்டால் ஹெட்டும் போகும், அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியும் போகும். உறையின் ஓரத்தை வெட்டி உள்வட்டை எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டு மெதுவாகத் துடைத்துக் காயவைத்து, வேறொரு உறைக்குள் வைத்து ஒரே தடவையில் முழுப் பிரதி எடுத்துவிடுங்கள். அதற்கு கிரீஸ்வீசல் என்ற யூஎஸ்பி போர்டு நல்ல துணை. தினசரி உபயோகத்துக்கு, பிளாப்பி டிரைவ் போல நடிக்கும் கோடெக் (Gotek) பெட்டியை மாட்டிப் பென் டிரைவில் ஓட்டுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஹார்டு டிஸ்க்

சுழலவே இல்லை, லேசாக "ங்ங்" என்று முனகுகிறது என்றால் ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டது. மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போது டிரைவைத் தட்டையாகப் பிடித்து மணிக்கட்டால் சட்டென்று ஒரு திருப்பு. சுத்தியலால் தட்டச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். சுழன்றுவிட்டால் அணைக்காமல் முதலில் தகவலை எடுங்கள்.

காலையில் படிக்கவில்லை, மதியம் படிக்கிறது என்பது எம்எஃப்எம் எனப்படும் பழைய 20 மெகாபைட் வகை டிரைவ்களின் குணம். ஹெட்டை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். தட்டு சூட்டில் விரிந்தது தெரியாமல் கணக்குப் போட்ட இடத்துக்கே போய் நிற்கும். வெயில் காலத்தில் தருமபுரியில் ஃபார்மேட் செய்ததை மார்கழிக் காலையில் தேன்கனிக்கோட்டையில் போட்டால் திணறாமல் என்ன செய்யும்? அரை மணி நேரம் சுழல விட்டுப் பிறகு படியுங்கள். தகவல் எடுத்தாகிவிட்டது என்றால், நன்றாகச் சூடேறிய பின் லோ-லெவல் ஃபார்மேட் செய்யுங்கள்.

அதற்குப் பின் வந்த ஐடிஇ வகை டிரைவ் திடீரென்று காணாமல் போனால் பேட்டரி போய் அமைப்பு எண்கள் அழிந்திருக்கும். டிரைவின் லேபிளில் சிலிண்டர், ஹெட், செக்டார் எண்கள் இருக்கும், அவற்றைச் செட்டப்பில் கையால் உள்ளிடுங்கள். பழைய பயோஸ் 504 மெகாபைட்டுக்கு மேல் பார்க்காது. காம்பேக்ட் ஃப்ளாஷ் கார்டு மாற்றாகப் போடுகிறவர்களும் இந்த எல்லையை நினைவில் வைக்க வேண்டும்.

மானிட்டர்

ஒன்பது கால் பிளக் உள்ள பச்சைத் திரை மானிட்டரைக் கலர் வீடியோ கார்டில் (சிஜிஏ) மாட்டாதீர்கள். பிளக் பொருந்தும், ஆனால் மோனோ மானிட்டர் எதிர்பார்ப்பது 18.4 கிலோஹெர்ட்ஸ், சிஜிஏ கார்டு கொடுப்பது 15.7. பழைய மானிட்டர் சில இதில் எரிந்தே போகும்.

நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் உடனே வெளிச்சத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் திரையில் அந்தக் கோடு நிரந்தரமாகப் பதிந்துவிடும். வெர்ட்டிகல் பகுதியின் ஐசி, அல்லது அதைச் சுற்றி டிரை சால்டர். இதை நீங்களே திறக்க வேண்டாம். பிக்சர் டியூபின் பக்கவாட்டு மூடியில் கலர் என்றால் 20,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பழைய டிவி மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார். "அண்ணா, வெர்ட்டிகல் போயிருச்சு, கோடு மட்டும் வருது" என்றால் கம்ப்யூட்டர் என்று பார்க்காமல் கைவைத்துவிடுவார். அவருக்கு அது டிவிதான்.

சூடானதும் நின்றுபோகிறது

பத்து நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு உறைந்து நின்றால் முதலில் எஸ்எம்பிஎஸ் விசிறியும் தூசியும், பிறகு சாக்கெட் சிப்கள், பிறகு ரேம். மேலே சொன்னவற்றை விடப் புதிய, 1999-க்கும் 2007-க்கும் இடைப்பட்ட போர்டு என்றால் மின்தேக்கிகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ மேலே பழுப்புக் கசிவு இருந்தாலோ அத்தனையையும் 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் வகையாக மாற்றுங்கள்.

எல்லாம் ஓடுகிறது, தமிழ்க் கோப்பு மட்டும் உளறுகிறது

டிடிபி சென்டர் மெஷினை உயிர்ப்பித்தவர்களுக்கு வரும் கடைசிச் சிக்கல் இது. பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். டிஸ்க் கெடவில்லை. அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்தின் இடத்திலோ மற்றக் குறிகளின் இடத்திலோ தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துருக்கள்தான் புழங்கின. பாமினி, டிஸ்கி, 1999-இல் வந்த டாம், டாப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. இந்திய மொழிகளைக் காட்டும் ஜிஸ்ட் கார்டு வைத்த மெஷின் என்றால் 1991-இல் தரநிலையான இஸ்கி முறை. கோப்புகளோடு விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டரையும் முழுதாகப் பிரதி எடுங்கள். கோப்பில் என்ன எழுத்துரு பெயர் இருக்கிறதோ அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றும் கருவி கிடைக்கும். பெயர் தெரியாவிட்டால் அதே மெஷினில் அச்சிட்டுப் பார்த்து, எந்த ஆங்கில எழுத்துக்கு, எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று நீங்களே அட்டவணை போட வேண்டியிருக்கும். ஆகவே அந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்.